இடிக்காமல் தெருவைத் திருத்திய பேராசிரியர்

ஸ்காட்லாந்து நாட்டின் தலைநகர் எடின்பரோ. 1861-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி, நடுநிசி தாண்டிய நேரம். ஊர் உறங்கிக்கொண்டிருந்தது.

திடீரென்று இடி விழுந்தது போல் ஒரு சத்தம்! நகரின் பெரிய தெருவில் இருந்த பல அடுக்கு வீடு ஒன்று அப்படியே சரிந்து விழுந்தது. உள்ளே தூங்கிய குடும்பங்கள் கல்லுக்கும் மரத்துக்கும் அடியில் சிக்கின. 35 பேர் மாண்டார்கள்.

அந்த வீடு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் பழையது. அதைப் போன்ற வீடுகள் அந்த நகரத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தன. அடுத்து எந்த வீடு விழுமோ என்று மக்கள் நடுங்கினார்கள்.

நகரசபை விழித்துக்கொண்டது. மறு ஆண்டே ஊருக்கு ஒரு சுகாதார அதிகாரியை நியமித்தது. 1867-ம் ஆண்டு நகரத்தைச் சீர்திருத்த ஒரு சட்டம் வந்தது. பழைய சந்துகள் இடிக்கப்பட்டன. அங்கே அகலமான புதுத் தெருக்கள் போடப்பட்டன. இரு புறமும் அழகான கட்டிடங்கள் எழும்பின.

தெரு அழகானது உண்மை. காற்றும் வெளிச்சமும் வந்தது உண்மை. ஆனால் இடிபட்ட வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்? புது வீட்டுக்கு வாடகை கொடுக்க அவர்களிடம் பணம் இல்லை. அவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் பக்கத்துச் சந்தில் இருந்த இன்னொரு பழைய வீட்டுக்குப் போனார்கள். ஏற்கனவே நெருக்கடியாக இருந்த இடம் மேலும் நெருக்கடி ஆனது.

பழைய வீட்டைச் சும்மா விட்டால் அது விழுந்து ஆளைக் கொல்கிறது. இடித்துத் தள்ளினால் ஏழைக்கு வீடு இல்லாமல் போகிறது. இதற்கு என்ன வழி?

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது என்று ஒருவர் காட்டினார். அவர் இஞ்சினீயர் அல்ல. செடி கொடிகளைப் பற்றிப் பாடம் சொல்லும் பேராசிரியர். பிற்காலத்தில் அவர் தஞ்சாவூர்ச் சந்துகளிலும் நடந்தார்.

அவர் பெயர் பாட்ரிக் கெடிஸ்.

தோட்டத்தில் வளர்ந்த பையன்

கெடிஸ் 1854-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி ஸ்காட்லாந்தில் உள்ள பல்லட்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை பட்டாள வீரர். வீட்டில் கெடிஸ்தான் கடைசிப் பிள்ளை.

அவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பெர்த் என்ற நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. ஊரை ஒட்டிய குன்றின் மேல் சின்ன வீடு. வீட்டைச் சுற்றித் தோட்டம். கீழே பார்த்தால் ஆறும் ஊரும் தெரியும். தந்தையுடன் சேர்ந்து பையன் மண்ணைக் கொத்தினான், செடி நட்டான், மலை ஏறினான்.

தோட்டக்காரனுக்கு ஒரு புத்தி உண்டு. ஒரு கிளை பட்டுப்போனால் அந்தக் கிளையைத்தான் வெட்டுவான். மரத்தையே சாய்க்கமாட்டான். இந்தப் பாடம் கெடிசின் மனதில் சிறு வயதிலேயே பதிந்துவிட்டது.

படிப்பு முடிந்ததும் தந்தை அவரைப் பாங்கி வேலையில் சேர்த்தார். ஒன்றரை வருடம் வேலை பார்த்தார். கணக்குப் புத்தகத்தில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. தாவர நூல் படிக்க 1874-ம் ஆண்டு எடின்பரோ பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே சொல்லிக் கொடுத்த முறை பிடிக்கவில்லை. ஒரே வாரத்தில் வெளியேறினார்! லண்டனுக்குப் போய் ஹக்ஸ்லி என்ற பெரிய விஞ்ஞானியிடம் மாணவர் ஆனார். பிறகு பிரான்சிலும் படித்தார்.

இருட்டு அறை

1879-ம் ஆண்டு ஆராய்ச்சிக்காக மெக்சிகோ நாட்டுக்குச் சென்றார். அங்கே பெரிய சோதனை காத்திருந்தது. அவர் கண் பார்வை மங்கியது. இருட்டு அறையில் அடைந்து கிடக்கவேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

வாலிபர் கெடிஸ் வாரக்கணக்கில் இருட்டில் உட்கார்ந்திருந்தார். படிக்க முடியாது. எழுத முடியாது. கையால் தடவித் தடவி ஜன்னலின் சட்டங்களை உணர்ந்தார். அந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை வைத்துச் சிந்திக்கப் பழகினார். ஒரு கட்டத்தில் ஊர், அடுத்ததில் மக்கள், அதற்கு அடுத்ததில் அவர்கள் செய்யும் தொழில். ஒன்றுக்கு ஒன்று என்ன தொடர்பு என்று யோசித்தார்.

பார்வை திரும்பியது. ஆனால் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து நெடுநேரம் வேலை செய்ய முடியவில்லை. செடியின் உயிரணுவைப் பார்க்கவேண்டிய கண், மனிதன் வாழும் ஊரைப் பார்க்கத் திரும்பியது.

1880-ம் ஆண்டு எடின்பரோவில் தாவர நூல் கற்பிக்கும் வேலை கிடைத்தது.

நாற்றம் பிடித்த சந்தில் தனிக்குடித்தனம்

எடின்பரோவின் பழைய நகரம் ஒரு நீளமான குன்றின் முதுகில் அமைந்தது. உச்சியில் கோட்டை. அங்கிருந்து கீழே அரண்மனை வரை ஒரே பெரிய தெரு. அதன் இரு புறமும் மீன் முள் போலச் சந்துகள். இடம் குறைவு என்பதால் வீடுகளை மேலே மேலே அடுக்கிக் கட்டினார்கள்.

ஒரு காலத்தில் பிரபுவும் சக்கிலியும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள். 1767-க்குப் பிறகு பள்ளத்தாக்குக்கு அப்பால் புதிய நகரம் எழுந்தது. பணம் படைத்தவர்கள் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். பழைய நகரத்தில் ஏழைகள் மிஞ்சினார்கள். பெரிய அறைகளைப் பலகை வைத்துத் தடுத்தார்கள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்று வாழ்ந்தார்கள். கூரை ஒழுகியது. படிக்கட்டு இருண்டது. சாக்கடை நாறியது.

1886-ம் ஆண்டு கெடிஸ் அன்னா மார்ட்டன் என்ற பெண்ணை மணந்தார். அன்னா லிவர்பூல் நகர வியாபாரியின் மகள். வசதியான குடும்பம். இசையில் தேர்ந்தவர்.

கல்யாணமான கொஞ்ச காலத்தில் கணவர் ஒரு யோசனை சொன்னார். புதிய நகரத்தில் இருக்கும் வீட்டை விட்டுவிட்டுப் பழைய நகரத்தில் ஜேம்ஸ் கோர்ட் என்ற முற்றத்துக்குக் குடிபோகலாம் என்றார். வேறு பெண்ணாக இருந்தால் தாய் வீட்டுக்குக் கடிதம் எழுதியிருப்பாள்! அன்னா சம்மதித்தார்.

ஒரு காலத்தில் டேவிட் ஹியூம் என்ற தத்துவ ஞானி வாழ்ந்த முற்றம் அது. இப்போது அழுக்கு மண்டிக் கிடந்தது.

புதுமணத் தம்பதி என்ன செய்தார்கள்? கூட்டம் போடவில்லை. நகரசபையைத் திட்டவில்லை. துடைப்பத்தைக் கையில் எடுத்தார்கள். படிக்கட்டைக் கழுவினார்கள். சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். ஜன்னலில் பூந்தொட்டி வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அண்டை வீட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த முற்றத்துக்கு முகம் வந்தது.

சொத்தைப் பல்லும் முழுத் தாடையும்

வெள்ளை அடித்தால் மட்டும் போதாது என்பது கெடிசுக்குத் தெரியும். உளுத்துப்போன உத்தரத்தின் மேல் சுண்ணாம்பு பூசினால் அது விழாமல் நிற்குமா? 1861-ல் விழுந்த வீட்டை அந்த ஊர் மறக்கவில்லை.

அவர் வீடு வீடாக ஏறிப் பார்த்தார். எந்தச் சுவர் பலமாக இருக்கிறது? எந்தத் தரை தாங்கும்? எந்த வீடு இனி தேறாது? பார்த்த பிறகு வீடுகளை மூன்று வகையாகப் பிரித்தார்.

தேறாத வீட்டை இடித்தார். அதில் தயவு காட்டவில்லை. அது நின்ற இடத்தைப் புது வீடு கட்டி அடைக்காமல் திறந்த முற்றமாக விட்டார். அதனால் சுற்றி நின்ற வீடுகளுக்கு எல்லாம் காற்றும் வெளிச்சமும் கிடைத்தன. பழுது பார்க்கக் கூடிய வீட்டைப் பழுது பார்த்தார். நல்ல வீட்டைத் தொடாமல் விட்டார்.

பல்லில் சொத்தை விழுந்தால் அந்தப் பல்லைப் பிடுங்குகிறோம். முழுத் தாடையை யாரும் எடுப்பதில்லை. கெடிசின் வைத்தியமும் இதுதான். காக்க வேண்டியதைக் காத்துக்கொண்டு, கெட்டதை மட்டும் நீக்கும் அறுவைச் சிகிச்சை என்று தன் முறைக்கு அவர் பெயர் கொடுத்தார்.

வாடகை வந்தால்தான் கூரை நிற்கும்

பழைய வீட்டைக் காப்பாற்றுவதில் ஒரு சங்கடம் உண்டு. செலவு! பழுது பார்த்துவிட்டுப் பூட்டி வைத்தால் பத்து வருடத்தில் மறுபடியும் ஒழுகும். அதில் ஆள் குடியிருக்க வேண்டும். வாடகை வரவேண்டும். அந்த வாடகையில்தான் அடுத்த பழுதைப் பார்க்கமுடியும்.

எந்தப் பழைய வீட்டுக்கு எந்த உபயோகம் பொருந்தும் என்று கெடிஸ் தேடினார். அப்போது எடின்பரோவில் வெளியூர் மாணவர்கள் தங்க நல்ல இடம் இல்லாமல் தவித்தார்கள். 1887-ம் ஆண்டு பழைய நகரத்தில் மாணவர் விடுதி ஒன்றைத் தொடங்கினார். விடுதியை மாணவர்களே நிர்வகித்தார்கள்.

ரிடில்ஸ் கோர்ட் என்று ஒரு பழைய மாளிகை. 1598-ம் ஆண்டு ஸ்காட்லாந்து அரசரும் அரசியும் விருந்து சாப்பிட்ட இடம். பிறகு சீரழிந்து கிடந்தது. கெடிஸ் அதையும் பழுது பார்த்து மாணவர் விடுதி ஆக்கினார்.

கோட்டைக்குப் பக்கத்தில் ஆலன் ராம்சே என்ற கவிஞர் கட்டிய எட்டு மூலை வீடு ஒன்று இருந்தது. அதையும் இடிக்கவில்லை. அதை நடுவில் வைத்து, இரு புறமும் புதிய வீடுகளைச் சேர்த்துக் கட்டினார். ராம்சே கார்டன் என்று பெயர். 1890-களில் எழுந்த அந்தக் கட்டிடம் சிவப்பும் வெள்ளையுமாக இன்றும் குன்றின் மேல் நிற்கிறது. பேராசிரியர்களும் கலைஞர்களும் அங்கே குடிவந்தார்கள். கெடிசும் குடும்பத்துடன் அங்கே வாழ்ந்தார்.

ஏழைகளின் வீடுகளையும் அவர் மறக்கவில்லை. 1884-ம் ஆண்டு அவரும் நண்பர்களும் தொடங்கிய சமூகச் சங்கம், பழைய வீடுகளை ஏற்று நடத்தியது. சங்கப் பெண்கள் வீடு வீடாகச் சென்று வாடகை வாங்கினார்கள். ஒழுகும் இடத்தைக் கேட்டறிந்து பழுது பார்க்கவும் செய்தார்கள். கற்றவனும் கூலிக்காரனும் ஒரே தெருவில் வாழவேண்டும். அப்போதுதான் தெரு உருப்படும் என்பது கெடிசின் கட்சி.

1892-ம் ஆண்டு கோட்டைக்கு அருகில் ஓர் உயரமான கட்டிடத்தை வாங்கினார். அதன் உச்சியில் ஊரைச் சுழற்றிக் காட்டும் கண்ணாடிக் கருவி இருந்தது. அந்தக் கட்டிடத்தைக் கண்காட்சிக் கோபுரமாக மாற்றினார். வருகிறவன் முதலில் உச்சிக்குப் போகவேண்டும். தன் ஊரை முழுதாகப் பார்க்கவேண்டும். பிறகு ஒவ்வொரு மாடியாக இறங்கி, தன் நாட்டையும் உலகத்தையும் பற்றித் தெரிந்துகொள்ளவேண்டும். தன் ஊரையே பார்க்காதவன் அதை எப்படித் திருத்துவான்?

அன்னாவின் பணம்

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது?

1888-ம் ஆண்டு முதல் கெடிஸ் டண்டீ கல்லூரியில் தாவர நூல் பேராசிரியர். வருடத்தில் கோடை காலப் பகுதியில் மட்டும் பாடம் நடத்தினால் போதும். சம்பளமும் அதற்குத் தகுந்தபடிதான். கடன் வாங்கினார். அன்னாவின் பணமும் வீடுகளில் போய்ச் சேர்ந்தது. கணவர் ஒரு வீட்டை முடிப்பதற்குள் அடுத்த வீட்டை வாங்குவார். கணக்குப் பார்த்துச் சமாளிப்பது மனைவியின் பொறுப்பு.

நல்ல காரியம் என்பதற்காகக் கடன்காரன் காத்திருப்பானா? நெருக்கடி முற்றியது. 1896-ம் ஆண்டு நண்பர்கள் ஒரு கம்பெனி ஏற்படுத்தி அவருடைய சொத்துக்களையும் பொறுப்புகளையும் ஏற்றார்கள். கட்டிடங்கள் தப்பின.

பழைய வீட்டைக் காப்பதற்கு ஆசை மட்டும் போதாது. கணக்கும் வேண்டும் என்ற பாடத்தை அவர் தன் கையைச் சுட்டுக்கொண்டு கற்றார்.

அவருடைய மூத்த மகள் நோரா வளர்ந்த பிறகு அப்பாவின் வேலையில் பங்கு கொண்டார். பழைய நகரத்துச் சந்துகளில் குப்பை மேடாகக் கிடந்த பாழிடங்களைத் தோட்டங்களாக மாற்றினார். தெருப் பிள்ளைகளுக்கு விளையாட இடம் கிடைத்தது.

எம்டன் மூழ்கடித்த படங்கள்

ஊர்களைப் பற்றிய படங்களையும் வரைபடங்களையும் சேகரித்து கெடிஸ் ஒரு கண்காட்சி தயாரித்தார். அதற்குப் பல நாடுகளில் புகழ் கிடைத்தது. அப்போது சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர் பென்ட்லண்டு பிரபு. அவரும் ஸ்காட்லாந்துக்காரர். கண்காட்சியுடன் வரும்படி கெடிசை அழைத்தார்.

1914-ம் ஆண்டு கெடிஸ் தன் மகன் அலஸ்டேருடன் கப்பல் ஏறினார். கண்காட்சிப் பொருட்கள் வேறு கப்பலில் வந்தன. அந்தச் சமயம் முதல் உலகப் போர் மூண்டிருந்தது.

சென்னை மீது குண்டு போட்ட எம்டன் கப்பலை நம் தாத்தா பாட்டிகள் மறக்கவில்லை. கெட்டிக்காரத்தனமாகத் தப்பிக்கிறவனை எம்டன் என்று இன்றும் சொல்கிறோம். அதே எம்டன்தான் கெடிசின் பொருட்கள் வந்த கப்பலையும் மடக்கியது! கப்பல் கடலில் மூழ்கியது. பல ஆண்டு உழைப்பு நீருக்குள் போனது.

கெடிஸ் தலையில் கை வைத்து உட்காரவில்லை. சீமையில் இருந்த நண்பர்களுக்குச் செய்தி அனுப்பினார். அவர்கள் புதிதாகப் படங்களைச் சேகரித்து அனுப்பினார்கள். 1915-ம் ஆண்டு சென்னையில் கண்காட்சி நடந்தது.

தஞ்சைக் கோட்டைக்குள்

பிறகு மாகாணத்தின் ஊர்களைப் பார்க்கப் புறப்பட்டார். காஞ்சிபுரம், மதுரை, தஞ்சாவூர் போன்ற ஊர்களைச் சுற்றினார். கோயிலும் அதைச் சுற்றிய தேர் வீதியும் குளமும் அமைந்த அழகைக் கண்டு வியந்தார்.

தஞ்சாவூரில் கோட்டைப் பகுதி மிகவும் நெருக்கடியாக இருந்தது. அதைத் திருத்த ஒரு திட்டம் தயாராக இருந்தது. வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்து நேர்கோடுகள் இழுத்திருந்தார்கள். கோடு போன வழியெல்லாம் புதுத் தெரு. குறுக்கே வரும் வீடுகள் காலி!

கெடிஸ் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு சந்துகளுக்குள் நடந்தார். வெயிலில் மணிக்கணக்காக நடந்தார். எந்த வீடு நன்றாக இருக்கிறது? எது குட்டிச்சுவர்? எங்கே காலி மனை கிடக்கிறது? எல்லாவற்றையும் குறித்தார்.

குறித்துப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. புதுத் தெருக்களே தேவை இல்லை! போக்குவரத்துக்கு இருக்கிற சந்துகள் போதும். சில இடங்களில் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும். குட்டிச்சுவரான சில வீடுகளை எடுத்துவிட வேண்டும். காலி மனைகளை அதனுடன் சேர்க்க வேண்டும். அங்கங்கே சின்னச் சதுக்கங்கள் கிடைக்கும். அதில் மரம் வைக்கலாம். எல்லா வீட்டுக்கும் காற்று வரும். பெரும்பாலான வீடுகள் நின்ற இடத்திலேயே நிற்கும். செலவும் முதல் திட்டத்தை விட மிகக் குறைவு.

நேர்கோட்டுத் திட்டத்தால் யாருக்கு நஷ்டம் என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார். இடிபட்ட வீட்டின் சொந்தக்காரருக்கு நஷ்டஈடு கிடைக்கும். வாடகைக்கு இருந்த ஏழைக்கு எதுவும் கிடைக்காது. அவன் வேறு சந்தில் போய் நெருக்குவான். அங்கே வாடகை ஏறும். நோயும் கூடவே போகும். தெரு அகலமாகும்; ஊர் சுகமடையாது.

எடின்பரோவில் கண்ட அதே கதையைத் தஞ்சையிலும் கண்டார்.

தன் முறை சுலபமானது என்று அவர் சொல்லவில்லை. அறைக்குள் உட்கார்ந்து கோடு போட்டால் சீக்கிரம் வேலை முடிந்துவிடும். தெருவில் நடந்து, வீடு வீடாகப் பார்த்து, அங்கேயே படம் வரைவதற்குப் பொறுமை வேண்டும். கால் வலிக்கும். ஆனால் ஒரு குடும்பத்தின் வீட்டை இடிக்கும் முன்பு அந்த வீட்டைப் பார்க்க வேண்டாமா?

ஒரே ஆண்டில் இரண்டு இடிகள்

1917-ம் ஆண்டு கெடிசின் வாழ்வில் கொடிய ஆண்டு.

மகன் அலஸ்டேர் போர்ப் படையில் சேர்ந்திருந்தான். ஏப்ரல் மாதம் பிரான்ஸ் போர்க்களத்தில் கொல்லப்பட்டான். அந்தச் செய்தி இந்தியாவுக்கு வந்தபோது அன்னா கடுமையான காய்ச்சலில் படுத்திருந்தார். கெடிஸ் செய்தியை மனைவியிடம் சொல்லவில்லை. துக்கத்தை விழுங்கிக்கொண்டு படுக்கை அருகில் இருந்தார். ஜூன் மாதம் அன்னா இறந்தார். மகன் போனது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

அழுக்கு முற்றத்துக்குத் தன்னை நம்பி வந்த மனைவி போய்விட்டார். தன்னுடன் தமிழ்நாட்டுக்கு வந்த மகனும் போய்விட்டான். கெடிஸ் வேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

இந்தூரில் ஒரு தீபாவளி

1917-18-ல் அவர் இந்தூர் சமஸ்தானத்தில் பணி புரிந்தார். அங்கே பிளேக் நோய்ப் பீதி. எலி பெருகிய வீடுகள். குப்பை நிறைந்த தெருக்கள். நகரத்தைச் சுற்றி வந்த கெடிசைக் கண்டு மக்கள் பயந்தார்கள். இந்த வெள்ளைக்காரர் வந்தால் வீட்டை இடிப்பார்கள் என்று நினைத்தார்கள்.

தீபாவளி நெருங்கியது. கெடிஸ் மகாராஜாவிடம் ஒரு வரம் கேட்டார். ஒரு நாள் மட்டும் ஊர்வலத்தை நடத்தும் அதிகாரத்தைத் தனக்குத் தரவேண்டும் என்றார். மகாராஜா சம்மதித்தார்.

ஊரில் தண்டோரா போடப்பட்டது. இந்த ஆண்டு ஊர்வலம் வழக்கமான பாதையில் வராது. எந்தத் தெருவில் அதிகமான வீடுகள் சுத்தம் செய்து பழுது பார்க்கப்பட்டிருக்கின்றனவோ, அந்தத் தெரு வழியாகத்தான் வரும்! வீட்டுக் குப்பையை நகரசபை வண்டிகள் இலவசமாக அள்ளிச் செல்லும்.

பிறகு என்ன? தெருவுக்குத் தெரு போட்டி! மக்கள் வீட்டைப் பெருக்கினார்கள். வெள்ளை அடித்தார்கள். உடைந்த திண்ணையைச் சரி செய்தார்கள். ஆயிரக்கணக்கான வண்டிக் குப்பை வெளியேறியது.

ஊர்வலம் வந்தது. யானைகளும் குதிரைகளும் வந்தன. நோய்களைக் காட்டும் பூத உருவங்கள் வந்தன. அழுக்கு அரக்கனும் பிரம்மாண்டமான பிளேக் எலியும் வந்தன. அதற்குப் பின்னால் யார் வந்தார்கள் தெரியுமா? ஊரைக் கூட்டும் தொழிலாளிகள்! வெள்ளை உடை உடுத்தி, கழுத்தில் மாலை போட்டு வந்தார்கள். வண்டி மாடுகளின் கொம்புக்கு வர்ணம் பூசியிருந்தது. அன்று ஊரே அவர்களுக்கு மரியாதை செய்தது. இரவில் அரக்கனையும் எலியையும் கொளுத்தினார்கள்.

யார் வீட்டையும் இடிக்கவில்லை. யாருக்கும் அபராதம் போடவில்லை. ஆனால் தெரு மாறியது! ஏழையாலும் முடிகிற வேலையைக் கேட்டார். குப்பையை அள்ளும் செலவைச் சர்க்கார் ஏற்கும்படி செய்தார். சட்டம் போட்டு அடைய முடியாததை இப்படி அடைந்தார்.

கடைசி நாட்கள்

1919-ம் ஆண்டு பம்பாய்ப் பல்கலைக் கழகத்தில் சமூகவியல் பேராசிரியர் ஆனார். இந்தியாவில் இருந்த காலத்தில் சுமார் 50 ஊர்களைப் பற்றி அறிக்கை எழுதினார். விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போசின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி 1920-ல் வெளியிட்டார்.

அவர் எழுதிய அறிக்கைகளில் பல அலமாரியில் உறங்கின. நடந்து பார்த்து வேலை செய்யும் பொறுமை எல்லோருக்கும் இல்லை.

உடல் நலம் குறைந்ததால் 1924-ல் இந்தியாவை விட்டுச் சென்றார். பிரான்சில் மான்ட்பெல்லியே என்ற ஊரில் ஒரு குன்றின் மேல் கல்லூரி கட்டினார். அங்கேயும் தோட்டம் போட்டார். 1932-ம் ஆண்டு அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி, 77-வது வயதில் அங்கேயே காலமானார்.

நின்றது எது?

எடின்பரோவின் பழைய நகரம் இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். 1995-ம் ஆண்டு யுனெஸ்கோ அதை அப்படி அறிவித்தது. சந்துகளைப் பார்க்க உலகெங்கும் இருந்து மக்கள் வருகிறார்கள். கெடிஸ் பழுது பார்த்த ரிடில்ஸ் கோர்ட் மாளிகையை மறுபடியும் புதுப்பித்து, 2017-ம் ஆண்டு அவர் பெயரிலேயே கல்வி நிலையமாகத் திறந்தார்கள். அன்று இடித்திருந்தால் இன்று திறப்பதற்கு என்ன இருந்திருக்கும்?

பழையது எல்லாம் நல்லது என்று கெடிஸ் சொன்னதில்லை. விழப்போகும் வீட்டை விட்டுவைத்தால் உயிர் போகும் என்பதை 35 பேர் மாண்ட அந்த ஊரில் வாழ்ந்தவர் அறிவார். தெரு சுத்தமாக வேண்டும். காற்று வர வேண்டும். வண்டி போக வேண்டும். இவை எல்லாம் நியாயம். ஆனால் அதற்காக எத்தனை வீடு போகவேண்டும் என்பதை அளவுகோல் சொல்லக்கூடாது. நடந்து பார்த்தவன் சொல்லவேண்டும்.

நம் ஊரிலும் தெருவை அகலப்படுத்த அளவெடுக்க வருவார்கள். வீட்டுச் சுவரில் குறி போடுவார்கள். அந்த நாளில் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்த வீடு உண்மையில் தேறாதா? இதைத் தொடாமல் தெருவைத் திருத்த வழி இல்லையா? இதில் இருப்பவர்கள் நாளை இரவு எங்கே படுப்பார்கள்?

தஞ்சைச் சந்துகளில் வெயிலில் நடந்த அந்தத் தாவரப் பேராசிரியர், சுவரைத் தொடும் முன்பு இந்த மூன்றையும்தான் கேட்டார்.